ராஜேந்திர சிங்கின் நீர்ப்பணி: ஞாயிறு மாலைக் கலந்துரையாடல்

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் சமூகக் கூடத்தில் ராஜேந்திர சிங்கின் பணிவாழ்வு குறித்துக் கலந்துரையாட உள்ளோம். ஆயுர்வேதம் பயின்ற இவர், அரசு வேலையை விட்டு 1985இல் ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்துக்குச் சென்று, மழைநீரை மறித்து நிலத்துக்குள் இறக்கும் ஜோஹட் எனும் பழைய மண்கரைக் குளங்களை ஊர்மக்களோடு சேர்ந்து தூர்வாரத் தொடங்கினார். நிலத்தடி நீர் உயர, வறண்டு கிடந்த ஆர்வரி ஆறு மீண்டும் ஓடியது. 2001இல் மகசேசே விருதும் 2015இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் பெற்றார். விருதுகளைவிட அந்த மண்கரைகளைப் பற்றியே அதிகம் பேசுவோம்.

1. வருவோர் எண்ணிக்கையை வெள்ளி இரவுக்குள் இங்கே பதிவிடவும்.
2. தங்கள் பிளாக்கின் மழைநீர்த் தொட்டியைப் படமெடுத்து வரவும். கூட்டத்தின் பிற்பகுதி அதற்கே.
3. பிள்ளைகளையும் அழைத்து வரலாம்.

– செயலாளர்