ஆர்.ரி. ஓடின பாதைக்காக அலைந்தவர்களுக்கு

ரொறன்ரோவில், ஸ்காபரோவின் கெனடி ஸ்ரேசனடியில் இருக்கிறவர்களுக்கும், லோரன்ஸ் பாலத்தடிக்காரருக்கும், மிட்லண்ட், எல்ஸ்மியர், மக்கவன் பக்கம் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து எங்களோடு நின்றவர்களுக்கும் வணக்கம்.

இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். ஆர்.ரி. என்கிற பழைய ஸ்காபரோ ரயில் ஓடின இடத்தில் வரப்போகிற பஸ் பாதைக்குக் காசு ஒதுக்கியாயிற்று என்ற செய்தி வந்த அன்றே, எல்லாருக்கும் முறையாக ஒரு நன்றி மடல் எழுதுகிறேன் என்று வட்ஸ்அப் குழுவில் பெரிதாகச் சொன்னவன் நான்தான். பிறகு வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, பனி தள்ளுதல் என்று நாள் போய்விட்டது. போன கிழமை எல்ஸ்மியரால் போகும்போது தண்டவாளம் கிடந்த இடத்தில் இயந்திரங்கள் நிற்கக் கண்டேன். சரி, இதற்கு மேலும் சாட்டுச் சொல்ல ஏலாது என்று வந்து இருந்துவிட்டேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜூலை 24 மாலை, எல்ஸ்மியருக்குத் தெற்கே ஆர்.ரி.யின் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். ஒலிவியா சௌ மேயராகப் பதவியேற்று இரண்டு கிழமைகூட ஆகவில்லை. 1985இல் ஓடத் தொடங்கிய வண்டி அது, அந்த வருடம் நவம்பரில் எப்படியும் நிறுத்துவதாகத்தான் இருந்தது. ஆகஸ்டில், இனி ஓடவே ஓடாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பதிலாக வருகிற சப்வே நீட்டிப்பு 7.8 கிலோமீட்டர், மூன்று ஸ்ரேசன், ஆனால் அது முடிய 2030 ஆகும் என்று சொன்னார்கள். அதுவரைக்கும் 903ஆம் இலக்க பஸ், கெனடிக்கும் ஸ்காபரோ சென்ரருக்கும் இடையில், கார்களோடு கார்களாக. ஆகவேதான் கெனடியில் இருந்து எல்ஸ்மியர் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்குத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, பஸ் மட்டும் போகிற ஒரு ரோட்டைப் போடலாம் என்ற யோசனை. எங்கே தரிப்பு வரவேண்டும், எப்படி நடந்து போய் ஏறுவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன செய்வது என்று ஆட்களிடம் கேட்கப் போகிறார்கள் என்ற தகவல் வந்தபோதுதான் எங்கள் ஓட்டம் தொடங்கியது.

முதல் நன்றி, லோரன்ஸ் ரோட்டில் மரக்கறிக் கடையில் காசு வாங்குகிற தங்கச்சிக்கு. நான் இரவு முழுக்க இருந்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். "துரிதப் பேருந்துப் போக்குவரத்துத் தடத் திட்டமிடலில் சமூகப் பங்கேற்பு" என்று தலைப்பு. நூறு பிரதி அடித்துக்கொண்டு கடைக்குப் போய் வைக்கக் கேட்டால், அவள் வாசித்துவிட்டு, "அண்ணா, இது யாருக்கு?" என்றாள். கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அவள் ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதித் தந்தாள்: "ஆர்.ரி. ஓடின பாதையிலை இனி பஸ் ஓடப்போகுது. எங்கை நிக்க வேணும் எண்டு வந்து சொல்லுங்கோ. நேரம், இடம் கீழே. தேத்தண்ணி உண்டு." அதைத்தான் அடித்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கடைசி வரிக்காக வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும், பரவாயில்லை.

அடுத்தது, வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பிறகு வந்தவர்களுக்கு. உங்களைக் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது, அதற்கு உங்களைக் குறை சொல்லவும் ஏலாது. ஸ்காபரோவில் இருபது வருடமாக இருக்கிறவர்களுக்கு வரைபடம் என்றாலே சலிப்பு. 2007இல் எல்.ஆர்.ரி., அதாவது இலகு ரயில், என்றார்கள், 2010இல் புதிய மேயர் வந்து அது இல்லை என்றார், 2012இல் நகரசபை மறுபடியும் எல்.ஆர்.ரி. என்றது, 2013இல் சப்வே என்று வாக்களித்தது, 2016இல் அந்த சப்வேக்கு ஒரே ஒரு ஸ்ரேசன் போதும் என்றது, 2019இல் மாகாண அரசு அதை மூன்றாக்கியது. ஐந்தாம் மாடி ஐயா சொன்னது போல, ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு கூட்டம் என்று பார்த்தால் நாங்கள் குடித்த கோப்பியின் காசுக்கே ஒரு பஸ் வாங்கியிருக்கலாம். அந்த ஐயாதான் முதல் கூட்டத்துக்கு வந்து, பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்து, கடைசியில் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பஸ் நிற்கிற இடத்துக்குப் போக எத்தனை படி?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆர்.ரி.க்கு இருந்த ஆறு ஸ்ரேசன்களில் மின்தூக்கி இருந்தது கெனடியிலும் ஸ்காபரோ சென்ரரிலும் மட்டும்தான். லோரன்ஸிலும் எல்ஸ்மியரிலும் முழங்கால் நோக்காரரும் குழந்தை வண்டில்காரரும் படியைப் பார்த்துவிட்டு வேறு வழி தேடினவர்கள்தான். அன்றைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூட்டத்தில் எந்த வரைபடப் பலகையைப் பார்த்தாலும் முதலில் படியை எண்ணத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஒக்ரோபரில் எக்ளிங்ரன் கிழக்கில் சிவப்பு பஸ் பாதை வந்தபோது எங்களில் பலர் அதைக் கண்டதே பெயின்ற் அடித்த பிறகுதான். தரிப்பு மாறிப்போச்சு என்று வீட்டில் இருந்து முறைப்பட்டோம். முறைப்பட வேண்டிய நேரம் அதற்கு முதலே வந்து போயிருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. இந்த முறை அப்படி விடக்கூடாது என்று நினைத்துத்தான், ஆட்களிடம் எப்போது கேட்க வேண்டும் என்ற சட்ட விதியை யாராவது விளங்கப்படுத்துங்கள் என்று கேட்டேன். சட்டக் கந்தோரில் வேலை செய்கிற அக்கா ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்: ஒன்ராறியோவில் இப்படியான பொதுப் போக்குவரத்துத் திட்டத்துக்குச் சுற்றாடல் மதிப்பீடு தொடங்குகிறோம் என்று அறிவித்தால், அந்த நாளில் இருந்து 120 நாளுக்குள் ஆட்களோடு கதைத்து ஆவணத்தை எழுதி முடிக்க வேண்டும், பிறகு 30 நாள் யாரும் பார்த்துக் கருத்து எழுதலாம், அதற்குப் பிறகு அமைச்சருக்கு 35 நாள். கேட்க 120 நாள் பெரிது. இரண்டு வேலை செய்கிறவருக்கு அதில் ஓய்வாகக் கிடைப்பது நாலைந்து ஞாயிற்றுக்கிழமைதான். அக்கா அதையும் கணக்குப் பார்த்து, எந்தக் கிழமை எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாள் இல்லையென்றால் நாங்கள் இன்னும் வட்ஸ்அப்பில் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

இப்போது கலண்டர் அம்மாவுக்கு. அம்மா, நீங்கள் இதை வாசிக்க மாட்டீர்கள், மகள் வாசித்துச் சொல்வாள் என்று நம்புகிறேன்.

நகைக்கடையில் இலவசமாகத் தருகிற நாட்காட்டி எங்கள் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. கிழிக்கிறோம், ராகு காலம் பார்க்கிறோம், குப்பையில் போடுகிறோம். அம்மா கிழித்த தாளை எறிவதில்லை. ஸ்காபரோ சென்ரரில் இருக்கிற பேரப்பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு நாளும் 903இல் போகிறவர், தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். எத்தனை மணிக்கு ஏறினார், எந்தச் சந்தியில் கார்களுக்குள் மாட்டி பஸ் நின்றது, எத்தனை சிவப்பு வெளிச்சம், எங்கே இருக்கக் கதிரை கிடைத்தது, எங்கே குழந்தை வண்டிலோடு ஒரு பிள்ளை ஏற முடியாமல் நின்றது. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "சும்மா இருக்கேக்கை என்ன செய்யிறது தம்பி" என்றார். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையத் தாள்.

அந்தப் பெட்டியை மகள் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வரைபடங்களுக்குப் பக்கத்தில் நின்ற இளம் பொறியியலாளர் ஒருவர், தமிழ் தெரியாதவர், அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முன்பக்கத்தில் முருகன் படம், சுப நேரம், பின்பக்கத்தில் பென்சில் எழுத்து. மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க, அவர் தன் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் சந்திகளை வட்டம் போட்டுக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்துக்கு மேல். பின்னால் வரிசை நீண்டுவிட்டது, யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த இளைஞருக்கும் இங்கே நன்றி சொல்லவேண்டும். கேட்பது அவர் வேலைதான், ஆனால் எல்லாரும் அப்படிக் கேட்பதில்லை. வேறொரு கூட்டத்தில், வேறொரு விஷயத்துக்கு, எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், "ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாங்கோ" என்று எங்களைத் திருப்பி அனுப்பியதும் எனக்கு நினைவிருக்கிறது.

மூர்கேற், ராரா அவெனியூப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனி நன்றி. ஆர்.ரி. காலத்தில் கெனடிக்கும் லோரன்ஸுக்கும் இடையில் ஸ்ரேசன் கிடையாது. வண்டி உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடும், ஏற முடியாது. பஸ் பாதையில் அந்த இடத்திலும் ஒரு தரிப்பு போடுவது என்று வந்தபோது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்கு விளங்கவைத்தது நீங்கள்தான். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு உங்கள் வாசலில் இருந்து நடந்து காட்டினீர்கள். எந்த இடத்தில் பனி தள்ளிக் குவிப்பார்கள், எந்த மூலையில் வெளிச்சம் இல்லை, பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் எதால் குறுக்கே பாய்வார்கள். என் மூக்கு விறைத்துப்போனது. பதினொரு வயதுப் பெடியன் ஒருவன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டு, "இங்கை ஒரு லைற் வேணும், இங்கையும் ஒண்டு" என்று கையால் காட்டிக்கொண்டே போனான். அதை அப்படியே கருத்துப் படிவத்தில் எழுதினோம்.

பஸ் பாதைக்கு எதிராகப் பேசினவர்களுக்கும் நன்றி. சிலர் இதை நக்கல் என்று நினைப்பீர்கள், இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் படுக்கையறை இருக்கிறவருக்கு இரவு பஸ் சத்தமும் முன்வெளிச்சமும் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்டிராவிட்டால், தடுப்புச் சுவர், மரம், வேகம் என்ற கதையை நாங்கள் எடுத்திருக்கவே மாட்டோம். ஒருவர் என்னிடம் நேரே கேட்டார், "நீ மக்கவனில் இருக்கிறாய், உனக்கு என்ன?" என்று. நியாயமான கேள்வி. அன்று முதல் நான் கூட்டத்தில் கடைசியாகத்தான் வாய் திறந்தேன்.

அப்புறம் காசு விஷயம். வரைபடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஏறத்தாழ 68 மில்லியன் டொலர் யாராவது தரவேண்டுமே. பயணிகளுக்காகப் பேசுகிற அமைப்புகளான ரி.ரி.சி. ரைடர்ஸ் ஆட்களும் ஸ்காபரோ ட்ரான்ஸிற் அக்சன் ஆட்களும் எங்களுக்கு முதலே இதற்காகக் கத்திக்கொண்டு இருந்தவர்கள். நகரசபை முன் எப்படிப் பதிவு செய்து பேசுவது, கிடைக்கிற சில நிமிடத்தில் எதை விடுவது என்று எங்களுக்குப் பழக்கியது அவர்கள். ஜனவரியில் ஸ்காபரோ சிவிக் சென்ரரில் வரவு செலவுக் கூட்டம் நடந்தபோது, முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் வந்த அக்கா ஒருவர், குளிர் அங்கியையும் கழற்றாமல் மைக்குக்கு முன்னால் போய் நின்றார். எழுதிக்கொண்டு வந்த தாளை அவர் பார்க்கவே இல்லை. இரவு எத்தனை மணிக்கு வேலை முடியும், எந்த பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஏலாது என்பதை மட்டும் தன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "தாங்க் யூ, ஐ கோ ஸ்லீப்" என்று இறங்கிவிட்டார். நான் மூன்று நாள் தயார்ப்படுத்திய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. யாரும் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

வெளியே தெரியாத வேலை செய்தவர்களைத் தனித்தனியே சொல்ல இடம் போதாது. படிவங்களைத் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிய பல்கலைக்கழகப் பிள்ளைகள், கூட்டம் நடக்கும்போது பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இரண்டு அம்மம்மாமார், தன் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எந்த இடத்தில் பஸ் திருப்பக் கஷ்டம் என்று படம் கீறித் தந்த ஓட்டுநர் அண்ணை, பிலிப்பினோக்காரர், சோமாலியர், சீனத்து ஆன்ரிமார், எங்கள் றோல்ஸை முதல்தரம் கடித்துவிட்டு உறைப்பில் கண் கலங்கி நின்ற பக்கத்து மாடிக்காரர், எல்லாருக்கும். உறைப்புக்கு மன்னிப்பும்.

யாரையாவது விட்டிருந்தால் போன் எடுத்து ஏசுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கலண்டர் அம்மா, உங்கள் சப்பாத்துப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பத்திரமாக. வருகிற ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து தருகிறேன். தேத்தண்ணிக்குச் சீனி போடவேண்டாம்.