முகக்கவசமும் உன் கண்களும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மணிக்கு,

வார்டில் நாள் முழுவதும் முகக்கவசம் அணிந்திருப்பதால் மாலையில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்றும், நீர் வடிவதால் அது வறட்சியாக இருக்காது என்று விடுதித் தோழிகள் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். நீர் வடிவதும் வறட்சியின் அடையாளமாக இருக்கலாம். விழியின் மேல் படர்ந்துள்ள கண்ணீர்ப் படலம் சீக்கிரம் கலைந்துவிட்டால், அந்த உறுத்தலைத் தாங்காமல் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டும். ஆனால் அது கன்னத்தில் வழியுமே தவிர, விழியில் படலமாக நிலைக்காது.

நம் ஊரில் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் கண் எரிந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. நீ இருக்கும் கோழிக்கோடோ ஈரக்காற்றுள்ள கடலோர ஊர். எனவே நான் சந்தேகப்படுவது கவசத்தின் மேல்விளிம்பைத்தான். அது மூக்குத்தண்டோடு படியாவிட்டால், நீ விடும் மூச்சு மேலேறி ஓயாமல் விழிமேல் வீசிப் படலத்தை உலர்த்திவிடும். உன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதா என்று பார். படிந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகிறது.

கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்ற உன் யோசனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2018-இல் பேராம்பிரா மருத்துவமனையில் நிப்பா வைரஸ் தொற்றிய நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, அந்த நோய்க்கே பலியானதை செவிலியர் படிப்புப் படிக்கும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்விளிம்பிலுள்ள கம்பியை மூக்கின் வளைவுக்கேற்ப இரு கை விரல்களாலும் அழுத்திவிடு. அப்படியும் காற்று கசிந்தால், இமையை இழுக்காதவாறு விளிம்பின்மேல் மருத்துவ பிளாஸ்திரி ஒட்டிக்கொள். கான்டாக்ட் லென்ஸைச் சில நாள் விட்டுவிட்டுக் கண்ணாடியே அணி.

பணி முடிந்தபின் இரவில் கைபேசியில் பாடம் படிக்கிறாயே, அதுவும் சேர்ந்துதான் வேலையைக் காட்டுகிறது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறையும் என்பதால், 20 நிமிடத்திற்கு ஒருமுறை தொலைவில் பார்த்து, இமைகளை முழுமையாக மூடித் திற. மின்விசிறி முகத்துக்கு நேராக வீச வேண்டாம்.

மருந்துக்கடையில் நீயாக எதையும் வாங்கி ஊற்றாதே. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கண்காணிப்பின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரையும் வளரலாம். செயற்கைக் கண்ணீர் போதுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வலியோ, வெளிச்சத்தில் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கே காட்டிவிடு. எழுதித் தந்த மருந்தின் பெயரை எனக்கும் தெரியப்படுத்து.

அன்புடன்,
அப்பா