கையெழுத்து பாப்பாவுடையது, கோபம் உன்னுடையது

நாக்கடோச்சிஸ், டெக்சஸ்.
13-4-2003, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, பாட்டி, பாப்பா எல்லோரும் நலமா? உன் கடிதம் மார்ச் முதல் வாரமே வந்துவிட்டது. பதில் வரவில்லை என்று நீ போஸ்ட்மேனைப் பிடித்துத் திட்டியிருப்பாய். அவர் மேல் தப்பில்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்து, நாலு தடவையும் 'நலம்' வரைக்கும் வந்து எழுந்துவிட்டேன்.

கடிதத்தில் கையெழுத்து பாப்பாவுடையது, கோபம் உன்னுடையது. நீ சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறாள். 'அந்தக் கல்பனாவுக்கு நடந்ததைப் பார்த்தபிறகு ஏரோநாட்டிகல் படிப்பு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்' என்ற வரியில் மட்டும் பேனா அழுந்தியிருக்கிறது. தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டுகிறது. சரி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பிப்ரவரி முதல் தேதி, கல்பனா சாவ்லா வந்த கொலம்பியா விண்கலம் வானத்திலேயே உடைந்த அன்றைக்கு, ஃபோனில் நீ கேட்டதற்கே நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கார்டு தீர்ந்துவிட்டது. நம் ஊரில் சாயந்தரம் ஏழரை மணி, நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே சனிக்கிழமை காலை எட்டு. நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையல் மேடையில் டம்ளர் தானாக ஓர் அங்குலம் நகர்ந்தது. கூட்ஸ் வண்டி போகிறது என்று நினைத்தேன். சத்தம் நிற்கவே இல்லை. பங்குனித் தேர் மேலவீதியில் திரும்பும்போது நம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் சக்கரச் சத்தம் எப்படிக் கேட்கும்? அந்த மாதிரி, ஆனால் தலைக்கு மேலிருந்து. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தேன். வானத்தில் ஒன்றுமில்லை. கோழித் தாத்தாவின் கோழிகள் எல்லாம் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

கோழித் தாத்தா ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு எழுதினேனே, மர அறுவை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவதோடு சரி, ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று. அன்றைக்கு அவர்தான் வந்து கதவைத் தட்டினார். "ஷட்டில் போய்விட்டது" என்றார். எனக்கு முதலில் பஸ் என்றுதான் பட்டது. இங்கே ஷட்டில் என்று சின்ன பஸ்ஸையும் சொல்வார்கள். அப்புறம் அவர் விரல் மேலே காட்டியது.

ஃப்ளோரிடாவில் இறங்க இன்னும் 16 நிமிடம்தான் பாக்கியாம். அறுபது கிலோமீட்டர் உயரத்தில், ஒலியைப்போல் பதினெட்டு மடங்கு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஜனவரி 16-ஆம் தேதி கிளம்பியபோது, 82-ஆவது வினாடியில், பெரிய எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியிருக்கிறது. நுரை என்றால் தெர்மோகோல் மாதிரி. அதுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணைக் குழு சந்தேகப்படுகிறது. பதினாறு நாள் கல்பனாவும் கூட இருந்த ஆறு பேரும் மேலே பாட்டு கேட்டுக்கொண்டு, பரிசோதனை செய்துகொண்டு இருந்திருக்கிறார்கள். படம் எடுத்துப் பார்க்கலாம் என்று கீழே கேட்ட எஞ்சினியர்களும் இருந்திருக்கிறார்கள். நடக்கவில்லை. நம் வீட்டில் கூரை ஓடு ஒன்று நகர்ந்தாலே அப்பா ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார், இல்லையா?

தாத்தாவின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விழுந்திருந்தது. உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் கறுப்பு, கண்ணாடி பூசியது போல. உடைந்த பக்கம் வெள்ளையாக, நம் வீட்டு அப்பளத்தை உடைத்தால் இருக்குமே, அந்த மாதிரிப் பொறிப்பொறியாக. சூடு தாங்குவதற்கு விண்கலத்தின் உடம்பில் இந்த மாதிரி ஓடுகளைத்தான் ஒட்டியிருப்பார்கள், இருபதாயிரத்துக்கும் மேல். யாரும் தொடக்கூடாது, விஷ எரிபொருள் பட்டிருக்கலாம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தாத்தா கோழிகளை அடைத்தார். மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஒரு ஃப்ளாஸ்க் காப்பி, மடியில் தொப்பி, அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் எல்லா இடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்ததால் இங்கே வருவதற்கு மறுநாள் ஆகிவிட்டது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோதும் அந்தக் குளிரில் அப்படியே இருந்தார். எதற்குத் தாத்தா, ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்து படுக்கலாமே என்று கேட்டேன். "தனியாகக் கிடக்கிறது" என்றார். சாவு வீட்டில் விளக்கை வைத்துவிட்டு விடிய விடிய நாம் உட்கார்ந்திருப்போமே, அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. ரவை உப்புமா கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டார். பிடித்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் எனக்கே வேலை வந்துவிட்டது. எங்கள் வன இயல் துறையில் ஜிபிஎஸ் கருவியும் வரைபடம் போடும் கம்ப்யூட்டரும் இருப்பதால், மாணவர்கள் முதல் நாளே கிளம்பி, எங்கே எது கிடக்கிறது என்று குறித்து வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் லேபில் உட்கார்ந்து வந்த எண்களை ஏற்றினேன். ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. பள்ளிக்கூட மைதானம், பேங்க் வாசலில் கார் நிறுத்தும் இடம், யாரோ ஒருவரின் குளம். ரெண்டு நாளில் திரையில் மேற்கேயிருந்து லூசியானா பக்கம் வரைக்கும் நீளமான ஒரு பட்டை தெரிந்தது. வாசலில் கோலமாவுக் கிண்ணம் கைதவறி விழுந்து, விழுந்த வாக்கில் இழுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படி. சில புள்ளிகளைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். ஹெம்ப்ஹில் என்று ஒரு சின்ன ஊர், அந்தப் பக்கத்துக் காட்டில்தான் உடல்கள் கிடைத்தன. கிடைத்த இடத்துக்கு ஒரு பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு போய் ஜெபம் செய்துவிட்டுத்தான் எடுத்தார்களாம். ஏழு பேரையுமே கண்டுபிடித்துவிட்டார்கள் அம்மா. அதை நினைத்தால் கொஞ்சம் மனசு ஆறுகிறது.

நீ கேட்கும் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஹெம்ப்ஹில்லுக்கு ஒரு சனிக்கிழமை துறை வண்டியில் போனேன். ஊரில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். பழைய ராணுவத்தார் சங்கத்துக் கூடம் ஒன்று. அதில் ஊர்ப் பெண்கள் எல்லாம் சேர்ந்து தேடப் போகிறவர்களுக்கு மூன்று வேளையும் சமைக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு அண்டாவும் ட்ரேயும் வந்துகொண்டே இருக்கின்றன. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, பக்கத்து வீடுதான் சோறு கொண்டுவரவேண்டும் என்பது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என்னிடம் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொடுத்து நறுக்கச் சொன்னார்கள். நறுக்கினேன். நீயும் கொஞ்சம் உங்கள் ஊர்ச் சமையல் செய்யேன் என்றதும் எலுமிச்சம் சாதம் கிளறினேன். கடுகு வெடித்தபோது ரெண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். மேற்கு மாநிலங்களிலிருந்து காட்டுத்தீ அணைக்கிறவர்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள், அதில் செவ்விந்தியர்கள் பலர். முள்ளுக்குள் தோளோடு தோள் வரிசையாக நடந்து, கை கால் எல்லாம் கீறலோடு வருவார்கள். அவர்கள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மற்றவர்கள் தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிட்டார்கள். நான் பார்க்காதமாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்தடுத்து நாலைந்து சனிக்கிழமை போனேன். மதியச் சாப்பாடு, ராத்திரிக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அங்கேயே ஆயிற்று. மற்றபடி நான் வேலை பார்க்கும் இடத்தில் மணிநேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று, தீசிஸ் எழுத நேரம் கிடைக்கிறது. ஹீட்டர் போட்டால் தோல் வறண்டுபோகிறது, அதனால் நிறுத்திவிட்டேன். பாட்டியின் கம்பளி இருக்கிறது. நீ அதையெல்லாம் நினைத்துக் கவலைப்படாதே.

ஒரு நாள் ஹூஸ்டனுக்கும் போனேன், தெலுங்குப் பெண்கள் ரெண்டு பேர் காரில். விண்வெளி மையத்தின் வாசலில் பெயர்ப் பலகை தெரியாத அளவுக்குப் பூ. பலூன், பொம்மை, கொடி, குழந்தைகள் கிறுக்கிய படம். பூவைச் சுற்றிய கண்ணாடித்தாளைக்கூடக் கழற்றாமல் அப்படியே வைத்துவிடுகிறார்கள். எனக்குக் கை பரபரத்தது. ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்து, பூவை மட்டும் மறுபடி வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து பியர்லாண்டில் மீனாட்சி கோவிலுக்குப் போனோம். புளியோதரை கொடுத்தார்கள். நீ செய்வதுபோல் இல்லை. ஆனால் ரெண்டாம் தடவை வரிசையில் நின்றேன்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிடுகிறேன். இந்த ஊரில் இந்தியர்கள் ரொம்பக் குறைவு. அந்தத் திங்கட்கிழமை பால் வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த அம்மாவுக்கு உன் வயது இருக்கும். என்னைப் பார்த்தார், பாலைக் கீழே வைத்தார், சுற்றிக்கொண்டு வெளியே வந்து, "உங்கள் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமாக இருக்கிறது கண்ணே" என்று என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கல்பனா யார், ஹரியானாவில் கர்னால் எங்கே, மன்னார்குடி எங்கே? கல்பனா படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அன்று சாயந்தரம் ஆடிப் பாடிக் கொண்டாடக் காத்திருந்தார்களாமே, துக்கம் விசாரித்தால் அவர்களிடம் அல்லவா விசாரிக்க வேண்டும்? சொல்ல வாய் வரவில்லை. வரிசையில் எல்லோரும் நிற்க, நான் அந்த அம்மாவின் தோளில் ஓவென்று அழுதேன். மீனம்பாக்கத்தில் நீ கட்டிக்கொண்டாயே, அதற்கப்புறம் ஒருவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். பதினேழு மாதம் ஆயிற்று. பாலுக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஈராக் சண்டை ஆரம்பித்ததிலிருந்து டிவியில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. போன மாதம் 27-ஆம் தேதி தேடப் போன ஹெலிகாப்டர் ஒன்று காட்டில் விழுந்து இன்னும் ரெண்டு பேர் போனார்கள். அது உங்கள் ஊர்ப் பேப்பரில் வந்ததா? இங்கே கோழித் தாத்தா வாசலில் கொடியை மறுபடி பாதிக் கம்பத்துக்கு இறக்கினார். தேடுவது இந்த மாதத்தோடு முடியும் என்கிறார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கிறது. மார்ச்சில் பதிவுக் கருவி ஒன்று கிடைத்தது, அதில் கடைசி நிமிடக் கணக்கெல்லாம் இருக்கிறதாம்.

சரி, பாப்பா விஷயம். அப்பாவிடம் ரெண்டு கேள்வி மட்டும் கேள். கூடத்தில் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கும் ஜனாதிபதி கலாம் எங்கே, என்ன படித்தார்? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில், இதே ஏரோநாட்டிகல். படித்தவர்கள் எல்லாம் மேலே ஏறிப் போவதில்லை அம்மா. கீழே நின்று, இறக்கையைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டவர்களும் அதைப் படித்தவர்கள்தான். ரெண்டாவது, எனக்கு ஃபாரஸ்ட்ரி எதற்கு, புலி அடித்துவிடும் என்று மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பமாட்டேன் என்றாரே. எத்தனை புலி அடித்தது?

நுழைவுத் தேர்வுக்கு அவள் மாமா வீட்டில் தங்கிப் படிக்கட்டும், நம் தெருவில் கரண்ட் நிற்காது. கவுன்சிலிங்குக்கு அப்பா போகவேண்டாம், அங்கே போய் மனசு மாறிவிடுவார். மாமாவை அனுப்பு. முதல் வருஷத்துக்கு முப்பதாயிரம் ஜூனுக்குள் அனுப்புகிறேன். வளையலைத் தொடாதே. மேட்டூர் ஏமாற்றியதில் சம்பா எவ்வளவு கண்டது, உரக்கடைப் பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று நீ எழுதவே இல்லை, அதை மறைக்காமல் எழுது. பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷனை வெயில் தணியட்டும் என்று தள்ளாதே. என் ஜாதகத்தை அத்தையிடம் கொடுத்தது எனக்குத் தெரியும், செந்தில் மெயில் போட்டுவிட்டான். திருப்பி வாங்கிவிடு.

நாளைக்கு வருஷப் பிறப்பு. சுபானு வருஷம். வேப்பம்பூ இல்லை, மாங்காயும் இல்லை. வெல்லம் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியவள்.

பாப்பா, இது உனக்கு மட்டும். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது ஹீட்டர், கல்லாக்கார அம்மா, ரெண்டையும் தாண்டிவிடு. அப்பா கேட்டால், பால் வாங்கினாளாம் என்று சொல்.