ஒரு விகுதிக்காக நடந்த போர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். பிள்ளைகள் நள்ளிரவு தாண்டியும் கண்விழித்து விளையாடுவதைக் குறித்துக் கட்டுரையாளருக்கு இருக்கும் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஹேலோ என்னும் விளையாட்டைக் குறிப்பிடும் இடத்தில், காரணமே இல்லாமல் மனித குலத்தை அழிக்க வரும் வேற்றுக்கிரக அரக்கர்களைச் சுட்டுத் தள்ளுவதுதான் அதன் கதை என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி பிழையானது. அக்கதையில் மனிதர்கள் மீது படையெடுத்து வருகிறவர்கள் பக்தர்கள். தங்கள் வேதம் சொன்னதால் வருகிறார்கள். அந்த வேதவாக்கு பொய்யென்பது அவர்களுள் மூன்றே பேருக்குத்தான் தெரியும். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

நான் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் பணியில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வயிற்றுப் பேரன் ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது இந்த விளையாட்டின் முதல் மூன்று பாகங்களையும் விளையாடினான். நான் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். உரையாடல் வரும்போதெல்லாம் அவன் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போவான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, அதைக் கேட்கவிடு என்பேன்.

பஞ்சி என்னும் அமெரிக்க நிறுவனம் உருவாக்க, 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது முதல் பாகம். இரண்டாவது 2004இலும் மூன்றாவது 2007இலும் வந்தன. கதைப்படி மனிதர்களின் எதிரி, பல இனங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. அதன் பெயர் ‘கவனன்ட்’, அதாவது உடன்படிக்கை. நம்மவர்க்குத் தமிழ் விவிலியத்தின் வழியாகப் பழக்கமான சொல்தான் அது. சான்ஷியூம் என்ற இனத்தாரும் சங்ஹேலி என்ற போர்க்குடியினரும் பல தலைமுறைகளுக்கு முன் கடும்போர் புரிந்தனர். முன்னோடிகள் எனப்படும் மறைந்துபோன ஓர் இனம் விட்டுச்சென்ற கருவிகளை எடுத்துப் பயன்படுத்தலாம் என்றது ஒரு தரப்பு. அவை புனிதமானவை, தொடவே கூடாது என்றது மறுதரப்பு. இரு தரப்பும் களைத்துப்போய்ச் செய்துகொண்ட சமாதானமே அந்த உடன்படிக்கை. சான்ஷியூம்கள் தீர்க்கதரிசிகளாக இருந்து வேதத்துக்குப் பொருள் சொல்வார்கள். சங்ஹேலிகள் வாளேந்திக் காப்பார்கள்.

அவர்களுடைய நம்பிக்கையின் சாரம் ‘பெரும்பயணம்’. முன்னோடிகள் கட்டிய ஏழு மாபெரும் வளையங்களை ஒருநாள் இயக்கினால், நம்பியவர்கள் அனைவரும் தேவர்களின் நிலைக்கு உயர்த்தப்படுவார்கள், நம்பாதவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அந்த வளையங்கள் ஆயுதங்கள். உயிர்களைத் தொற்றி விழுங்கும் ஓர் ஒட்டுண்ணிக்கு இரையே இல்லாமல் செய்துவிடுவதற்காக, சிந்திக்கும் உயிர்கள் அனைத்தையும் கொன்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முன்னோடிகள் வேறு வழியின்றி அவற்றை இயக்கினார்கள், தாங்களும் அழிந்தார்கள். தேவர்கள் மேலேறிப் போனதாகக் கொண்டாடப்பட்ட நாள், அவர்கள் கூட்டமாகச் செத்த நாள்.

இனி விகுதிக்கு வருகிறேன். இந்தக் கதையுலகைச் சார்ந்த நாவல் ஒன்றில், போர் எப்படித் தொடங்கியது என்பது சொல்லப்படுகிறது. 2525ஆம் ஆண்டு, ஹார்வெஸ்ட் என்னும் கோளில் உழுது பயிரிட்டு வாழும் மனிதக் குடியேற்றம் ஒன்று உடன்படிக்கையினரின் கண்ணில் படுகிறது. புனிதப் பொருள்களைக் கண்டறியும் அவர்களுடைய கருவி, அந்தக் கோளெங்கும் ஒரே குறியீட்டை எண்ணற்ற முறை காட்டுகிறது. அந்தக் குறியீட்டை ‘மீட்பு’ என்று அவர்கள் வாசிக்கிறார்கள். அங்கே மீட்டெடுக்க வேண்டிய புனிதப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன என்று மகிழ்கிறார்கள். பதவி ஆசை கொண்ட இரண்டு அமைச்சர்கள், சொல்லாராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்த ஒரு துறவியின் ஒப்புதலைப் பெறப் போகும்போது, பழைய கப்பலுக்குள் உறங்கிக்கிடந்த முன்னோடிகளின் எந்திர அறிவு விழித்துக்கொண்டு, நீங்கள் தவறாக வாசித்துவிட்டீர்கள் என்கிறது. குறியீடு தலைகீழாகத் திரும்புகிறது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிய ஓர் உருவம் அதில் தெரிகிறது. அது ‘மீட்பு’ அன்று, ‘மீட்பர்’. கருவி காட்டியவை பொருள்கள் அல்ல, மனிதர்கள். முன்னோடிகளின் உரிமைக்கு வாரிசுகள் அந்த மனிதர்களே.

தமிழில் எழுதிப் பார்த்தால் ஓர் ‘உ’ போய் ஓர் ‘அர்’ வருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. இதைக் கேட்டபோது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் அந்த இடத்தில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். ஒரு சொத்து வழக்கில், மை மங்கிய பழைய பத்திரம் ஒன்றில் ‘ஒத்தி’ என்றிருந்ததைக் ‘கிரயம்’ என்று கொண்டு மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பி வரும் என்பதற்கும், நிலம் விற்றே போய்விட்டது என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. அன்று இரவு நகலை மறுபடி பார்க்கும்போது தெரிந்தது. விடியும்வரை உறக்கமில்லை. காலையில் போய்ச் சொன்னேன், வழக்கறிஞர்கள் முன்னிலையில் தலைகுனிந்து நின்றேன், மொழிபெயர்ப்பு திருத்தப்பட்டது. அந்த இரவில் சொல்லாமல் இருந்துவிடலாமா என்ற எண்ணம் எனக்கும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மூவரும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். சொன்னால் மதம் சரியும், மதம் சரிந்தால் கூட்டமைப்பு உடையும். எனவே மனிதர்கள் தேவர்களுக்கு இழிவு செய்தவர்கள், அவர்களை அழிப்பது தேவர்களின் சித்தம் என்று அறிவித்தார்கள். உண்மை, கருணை, வருத்தம் என்பன அம்மூவரும் அரியணை ஏறியபோது சூடிக்கொண்ட பெயர்கள். 2552 வரை ஏறத்தாழ 27 ஆண்டுகள் போர் நடந்தது. விண்ணிலிருந்து பிளாஸ்மா நெருப்பைக் கொட்டி, கோள்களின் நிலப்பரப்பைக் கண்ணாடியாக உருக்கினார்கள். நெருப்பைக் கொட்டியவர்களோ இறைப்பணி செய்கிறோம் என்று மனதார நம்பினார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இதற்கு முன் தாங்கள் வென்ற இனங்களையெல்லாம் உடன்படிக்கையினர் தங்களோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். புழுக்கூட்டங்களாக வாழும் லெக்கோலோ என்ற இனம் முன்னோடிகளின் புனிதப் பொருள்களையே தின்றுகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய தெய்வ நிந்தனை அந்த மதத்தில் இருக்க முடியாது. ஆனாலும் அடக்கியபின் அதற்கும் படையில் இடம் கொடுத்தார்கள். மனிதர்களுக்கு மட்டும் அடிபணியும் வாய்ப்புகூட ஏன் தரப்படவில்லை? மனிதர்களின் வீரத்தைக் களத்தில் கண்ட சங்ஹேலி வீரர்கள் சிலருக்கு இந்த ஐயம் தோன்றியது உண்டு. ஆனால் கீழ்ப்படிதலே வழிபாடு என்று வளர்க்கப்பட்டவர்கள் அதை உரக்கக் கேட்கவில்லை.

வரலாற்றில் நடந்தவற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். 1513இல் ஸ்பானிய அரசுக்காக ஹுவான் லோபஸ் தெ பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட அறிஞர் ‘ரெகெரிமியென்தோ’ என்னும் அறிக்கையை எழுதினார். அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள் திருச்சபையையும் அரசரையும் ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் போரும் அடிமைத்தனமும் வரும், அதனால் விளையும் சாவுகளுக்கு நீங்களே பொறுப்பு, நாங்கள் அல்லர் என்று அது சொன்னது. கேட்பவர்களுக்குப் புரியாத மொழியில், பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரே இல்லாமல், சில வேளைகளில் ஆளற்ற குடிசைகளை நோக்கியும் அது வாசிக்கப்பட்டது. அதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என எழுதினார் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் பாதிரியார். அந்தக் கொடிய தாளில்கூட அடிபணிந்தால் பிழைக்கலாம் என்ற பேரம் இருந்தது. ஹேலோவின் தீர்க்கதரிசிகளால் அந்தப் பேரத்தைக்கூட மனிதர்களிடம் பேச முடியாது. உள்ளே சேர்த்துக்கொண்டால், வாரிசு யார் என்பது ஒருநாள் வெளியே வந்துவிடும்.

ஆகவே அந்தப் படையினரை அரக்கர்கள் என்று எழுதியது எனக்கு வருத்தம் தந்தது. முதல் வரிசையில் நிறுத்தப்பட்டுச் சாகும் உங்காய் என்ற குள்ள இனத்தாரைப் பாருங்கள். நம் காற்றில் அவர்களால் மூச்சுவிட முடியாது. மீத்தேன் நிரப்பிய தொட்டியை முதுகில் சுமந்துகொண்டுதான் போருக்கு வருகிறார்கள். தலைவன் விழுந்ததும் கைகளை உயர்த்திக்கொண்டு அலறி ஓடுகிறார்கள். பேரன் அதைப் பார்த்துச் சிரித்தான். அந்த இனம் ஒருமுறை கிளர்ந்தெழுந்ததற்காக அவர்களுடைய சொந்தக் கோளையே உடன்படிக்கையினர் எரித்து அடக்கிய கதையை அவனே தேடிப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னான். அதற்குப் பின் அவன் சிரிக்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் இவ்விளையாட்டை உருவாக்கியவர்கள் துணிச்சலான ஒரு காரியம் செய்தார்கள். எதிரிப் படையின் தளபதி ஒருவனுடைய கண்களுக்குள் ஆடுபவரை உட்கார வைத்தார்கள். வெளியீட்டுக்கு முன் இதை இரகசியமாகவே வைத்திருந்தார்கள். வெளிவந்தபின் ஆடுபவர்களில் பலர் ஏமாற்றமடைந்து குறைகூறவும் செய்தார்கள். முதல் வளையம் அழிய விட்டதற்காக அந்தத் தளபதி மன்றத்தின் நடுவே நிறுத்தப்பட்டு, கவசம் கழற்றப்பட்டு, மார்பில் சூடு போடப்படுகிறான். அதே வேளையில் பூமியின் சுற்றுப்பாதையில் இருக்கும் நிலையத்தில் மனித வீரர்களுக்குப் பதக்கம் அணிவிக்கிறார்கள். இரண்டு காட்சிகளும் மாறி மாறி வருகின்றன. பின்னர் அவனுக்கு ‘ஆர்பிட்டர்’ என்ற பட்டம் கொடுத்து, மதத்துரோகி ஒருவனைக் கொன்றுவர அனுப்புகிறார்கள். சாகும் முன் அந்தத் துரோகி ஆர்பிட்டரிடம், வளையத்தைக் காக்கும் எந்திரத்திடமே அதன் பயன் என்னவென்று கேள் என்கிறான். கேட்டு முடிப்பதற்குள் சண்டை மூண்டுவிடுகிறது.

கேள்வி கடைசிக் கட்டத்தில் திரும்பி வருகிறது. முன்னோடிகளுக்கு என்ன ஆயிற்று என்று ஆர்பிட்டர் நேராகவே கேட்கிறான். எந்திரம் வரவு செலவுக் கணக்கு ஒப்பிப்பதைப் போலப் பதில் சொல்கிறது: வேறு வழிகள் யாவும் தீர்ந்தபின் வளையங்களை இயக்கினார்கள், திட்டமிட்டபடியே இறந்தார்கள். உடன்படிக்கையைச் சேர்ந்த ஜிரல்ஹனே என்ற இன்னோர் இனத்தின் தலைவன் டார்டரஸ் பக்கத்திலேயே நின்று இதைக் கேட்கிறான். அதற்கு முன் அந்த எந்திரத்தைக் கையில் பிடித்து, மேற்கொண்டு ஒரு சொல் பேசாதே என்று மிரட்டியவன் அவன்தான். கேட்டபின்னும் அவன் வளையத்தை இயக்கவே முனைகிறான்.

அந்த இடத்தில் பேரன் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டான். “காதாலேயே கேட்டுட்டானே தாத்தா, அப்புறமும் ஏன்?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நம்பியதற்காகச் செய்துவிட்ட கொலைகளை எண்ணிப் பார்த்தால், அந்த நம்பிக்கையை விட்டுவிட அவனால் முடியாது போலும் என்று பிறகு சொன்னேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இப்படிப் பேசவைக்கும் ஒரு கதையை, சுடுவதும் விழுவதும் மட்டுமே என்று நம் நாளிதழ் எழுதலாமா?

சொல்லறிஞரான அந்தத் துறவிக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூவரில் ‘கருணை’ என்று பெயர் சூடியவர் அவர்தான். தலைநகரில் ஒட்டுண்ணி பரவும்போது அவருடைய தொண்டையை ஒன்று கவ்விக்கொள்கிறது. காப்பாற்றப் போன டார்டரஸைத் தடுத்து, பெரும்பயணம் யாருக்காகவும் காத்திருக்காது, உமக்காகவும் காத்திருக்காது என்று அவரிடமே சொல்லிவிட்டுக் கப்பலை நோக்கிப் போகிறார் ‘உண்மை’. குறியீட்டின் சரியான வாசிப்பைத் தம் காதால் கேட்டும் வாய்மூடி இருந்த அந்த முதியவர், தாமே காப்பாற்றிய பொய்யின் வாசகத்தைக் கேட்டுக்கொண்டே சாகிறார். மொழிபெயர்ப்பாளனாகிய என்னால் அந்தக் காட்சியை இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

வரும் ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘வேற்றுக்கிரக அரக்கர்கள்’ என்பதை நீக்கி, ‘உடன்படிக்கைப் படையினர்’ என்று இட்டாலே போதும். இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி இனி எழுதும்போது, நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர் நாவலைக் கடைசிப் பக்கம்வரை படிப்பதைப் போல, இவற்றையும் முழுவதும் ஆடிப் பார்த்த ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
திருநெல்வேலி.