வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: சூழலும் வாசிப்பும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

படைப்பு பிறந்த சூழலும் படிப்பவரின் உலகப் பார்வையும் அதன் பொருளை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பதே இவ்வாண்டு நாம் ஏற்ற தலைப்பு. இது வறண்ட பொருள், சில கூட்டங்களுக்குமேல் தாங்காது என்று செயற்குழுவிலேயே பேச்சு இருந்தது. ஆனால் நேரம் முடிந்த பிறகும் வாசலில் நின்று வாதம் தொடர்ந்த கூட்டங்கள் இவ்வாண்டில்தான் அதிகம்.

தொடக்கக் கூட்டம் உ.வே. சாமிநாதையரைப் பற்றியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவருக்குத் தமிழ் இலக்கணமும் நூற்பயிற்சியும் குறைவில்லை. ஆயினும் 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விரும்பியபோது, நச்சினார்க்கினியர் உரை இருந்தும் ஐயருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகள் தெரியாமல் நூலுக்குள் நுழைய முடியாது என்று கண்டு, கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச் சென்று கேட்டார். சிந்தாமணியை வழிபாட்டுக்குரிய நூலாகவே படித்துவந்த அவர்களுக்குப் பண்டிதரைத் திணறடித்த செய்திகள் அன்றாடப் பேச்சு. 1887இல் வெளிவந்த பதிப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அதிகச் சூடு 55ஆம் குறளில் கிளம்பியது. "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் / பெய்யெனப் பெய்யும் மழை." இத்தகைய மனைவி 'பெய்' என்றால் மழை பெய்யும் என்பது பரிமேலழகர் உரை. வேண்டும்போது பெய்யும் மழையைப் போன்றவள் அவள் என்று உவமையாக்கியவர்கள் 20ஆம் நூற்றாண்டினர். 'போல' என்ற சொல் குறளில் இல்லை; தொக்கு, அதாவது மறைந்து, நிற்கிறது என்று கொள்ள வேண்டும். நம்மில் பாதிப்பேர் உவமைப் பக்கம் சாய்ந்தார்கள். நாம் நம்பாத ஒன்றை வள்ளுவர் சொல்லியிருக்க மாட்டார் என்ற முன்முடிவே அங்கே உரை எழுதுகிறது என்பது என் கருத்து. பரிமேலழகருக்கும் முன்முடிவு உண்டு. நம்முடையது அல்ல என்பதால் அது சட்டென்று நம் கண்ணில் படுகிறது. இப்படி வாதாடிக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எல்லோரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்களே, அந்த முதல் அடியை யாரும் தொடவில்லையே?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் பேசிய பெண் அவர் ஒருவர்தான். அதன் பிறகு கூட்டம் வேறு திசையில் போனது. மழைக்குத் திரும்பவே இல்லை.

மானிடவியலாளர் லாரா பொஹானன் 1966இல் எழுதிய கட்டுரையையும் படித்தோம். மேற்கு ஆப்பிரிக்காவின் திவ் மக்களிடம் அவர் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகக் கதையைச் சொன்னார். இறந்த அண்ணனின் மனைவியைத் தம்பி மணந்தது முறைதானே என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். இறந்தவர் ஆவியாக வந்து பேசுவது நடக்காத காரியம், அது சூனியக்காரர் அனுப்பிய நிமித்தம் என்றார்கள். முடிவில் கதையின் உண்மைப் பொருளை அவருக்கே விளக்க முன்வந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். நாம் பிறமொழி நாவல்களைப் படிக்கும்போது எங்கோ யாரோ இப்படித்தான் சிரிப்பார்களோ என்று ஒருவர் கேட்டதும் சிரிப்பு அடங்கியது.

சூழல் தெரிந்தால்தான் கவிதை என்றால் அது வரலாற்றுப் பாடமாகிவிடாதா என்ற எதிர்ப்பும் எழுந்தது, நியாயமான எதிர்ப்புதான். அதற்காக, கேம்பிரிட்ஜில் இலக்கியத் திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் மாணவர்களிடம் செய்து 1929இல் நூலாக வெளியிட்ட சோதனையைப் பின்பற்றிப் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னோம். கவிஞர் யாரென்று தெரிந்ததும் சிலர் தாளைத் திருப்பிக் கேட்டார்கள். தாள்கள் செயலாளர் வசமே இருக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். நூலகத்தில் இரவல் போன புத்தகங்கள் பற்றி இவ்வாண்டும் சொல்வதற்கு மகிழ்ச்சியான செய்தி இல்லை.

வரும் ஆண்டில் எந்தப் படைப்பையும் முதலில் குறிப்பின்றி வாசித்துக் கருத்தைப் பதிவுசெய்வது, அதன்பின் உரையையும் காலப் பின்னணியையும் எடுப்பது, ஒரே பாடலுக்குக் குறைந்தது இரண்டு நூற்றாண்டுகளின் உரைகளை ஒப்பிடுவது எனச் செயற்குழு முன்மொழிகிறது. இதையும் இவ்வறிக்கையையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்