பட்டியலில் வன்னிக் கூத்து எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வந்த ‘மனங்கவர்ந்த இசை நாடகங்கள்’ கட்டுரையை விரும்பிப் படித்தேன். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்கும் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் கதையான மயான காண்டத்துக்கும் இடம் தந்தது மிகச் சரி. ஆனால் முல்லைத்தீவின் கோவலன் கூத்தும், வன்னிக் கோயில் முன்றல்களில் ஆடப்படும் காத்தவராயன் கூத்தும் விடுபட்டது மனதைக் குடைகிறது. பாட்டுக்காகக் கதையை நிறுத்திவைக்காமல், பாட்டாலேயே கதையை நகர்த்துவதுதான் இக்கலையின் உயர்வு. அந்த அளவில் பார்த்தால் இவை இரண்டும் எதற்கும் குறைந்தவை அல்ல. எங்கள் ஊரில் காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டம் விடியற்புறம்தான் வரும். முடிவு தெரியாதவர் அங்கு யாருமில்லை. இருந்தும் அந்தப் பாட்டு முடியும்வரை ஒருவரும் பாயை விட்டு எழும்புவதில்லை. முன்வரிசைப் பெண்கள் கூடவே பாடி அழுவார்கள்.

இன்று போட்டி மேடைகளுக்காகக் கூத்தை அரைமணி நேரத்துக்குள் வெட்டிச் சுருக்குகிறார்கள். பாட்டுகள்தாம் முதலில் போகின்றன. கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாருக்கும் வயதாகிறது. மாவட்டக் கலாசாரப் பிரிவுகள் முழு இரவுக் கூத்துகளை ஒளிப்பதிவு செய்ய வேண்டும். தங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு கூத்துப் பாடலை, அதைப் பாடும் அண்ணாவியாரின் அறிமுகத்துடன் வெளியிடலாம்.

வாசகர்,
முல்லைத்தீவு