முதல் வெட்டுக்கு முன் ஒரு நன்றி

உறவுகளுக்கும் ஊராருக்கும் ஸ்தோத்திரம்.

வருகிற ஞாயிறு எங்கள் தென்னந்தோப்பில் முதல் தேங்காய் வெட்டு. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். வெட்டு முடிந்தால் வியாபாரி, கணக்கு, காசு என்று மனசு வேறு பக்கம் போய்விடும்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் தோப்பில் 140 தென்னை. விடிந்து பார்த்தால் 11 நின்றது, அதிலும் நாலுக்குக் கொண்டை இல்லை. எல்லாம் அப்பா வாலிபத்தில் வைத்தவை. அவர் வரப்பில் உட்கார்ந்து விழுந்து கிடந்ததை எண்ணினார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

மூன்றாம் நாள் அதிராம்பட்டினத்திலிருந்து மளிகைக்கடை பாய் அரிசி மூட்டையோடு வந்தார். "கணக்குல எழுதிக்குங்க பாய்" என்றேன். "நோட்டு நனைஞ்சுபோச்சு தம்பி" என்றார். கேரளாவிலிருந்து வந்த லைன்மேன்கள் இடுப்பளவு சேற்றில் கம்பம் சுமந்தார்கள். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரத்தநாட்டு மச்சான் ரம்பத்தோடு வந்து பதினோரு நாள் மரம் அறுத்தான். டீசல் காசுகூட வாங்கவில்லை. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் வந்தது, அப்புறப்படுத்தவே சரியாய்ப் போயிற்று.

இனி எங்கள் சபையை நடத்தும் உபதேசியார். டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஓடு பறந்துபோன கோயிலில் தார்ப்பாய்க்கு அடியில் நின்று வேதாகமத்தில் யோவேல் இரண்டாம் அதிகாரம் வாசித்தார். வெட்டுக்கிளிகள் "பட்சித்த வருஷங்களின் விளைவை உங்களுக்குத் திரும்ப அளிப்பேன்". அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருக்கு 81 வயது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். "எனக்கா ஐயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நானும் சிரித்தேன், வெளியே தெரியாமல்.

உபதேசியார் கோபிக்கவில்லை. ஆதியாகமத்தைத் திருப்பினார். முதிர்வயதில் பிள்ளை தருவேன் என்று கர்த்தர் சொன்னபோது ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தான், அவன் மனைவி சாராள் தனக்குள்ளே சிரித்தாள். "நான் நகைக்கவில்லை" என்று மறுத்தவளிடம் "இல்லை, நீ நகைத்தாய்" என்றதோடு சரி, கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவில்லை. பிறந்த பிள்ளைக்குப் பெயரே ஈசாக்கு, நகைப்பு என்று அர்த்தம்.

எனக்கு அது போதவில்லை. பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னதற்கு "இதை நான் எதினால் அறிவேன்" என்ற சகரியா ஊமையானான், அதே தூதனிடம் "இது எப்படியாகும்?" என்ற மரியாளுக்குப் பதில் கிடைத்தது. ரெண்டு பேரும் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதானே? உபதேசியாரிடம் கேட்டேன். "தெரியலப்பா. குழி வெட்டிக்கிட்டே யோசிப்போம்" என்றார். மறுநாள் மண்வெட்டியோடு வந்தும் நின்றார். இந்த மடலே முக்கியமாய் அந்தத் 'தெரியல'வுக்குத்தான். பெரிய விளக்கம் ஏதாவது சொல்லியிருந்தால் அன்றோடு கோயில் பக்கம் போவதை விட்டிருப்பேன்.

2019 ஆடியில் 25 அடிக்கு ஒன்றாய், மூன்றடிக் குழியில் கன்று வைத்தோம். "சிரிச்சவன் கையால ஒண்ணு" என்று அப்பாவும் ஒன்று வைத்தார். மட்கிக் கிடந்த தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகியிருந்தது; விரிந்த குருத்தெல்லாம் கத்தரி போட்டது போல வந்தது. பக்கத்துத் தோப்பு அக்காதான் மணலில் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து மட்டை இடுக்கில் போடச் சொல்லிக்கொடுத்தார். கம்பிக் கொக்கியைக் குருத்து ஓட்டையில் விட்டு ஒரு திருகு திருகினால் வண்டு கறுப்பாய்க் குத்துப்பட்டு வரும். ஒரே காலையில் ஒன்பது எடுத்தார். அப்படியும் 23 கன்று போனது.

அப்பா 2021இல் போய்விட்டார். யோவேலில் வருஷங்களைத் தருவேன் என்றுதான் இருக்கிறது, ஆளைத் தருவேன் என்று இல்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஜெபத்திலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் வைத்த கன்றில்தான் முதல் பாளை வெடித்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாயிருக்கும். அதை வண்டு தின்றுவிட்டது. முதல் பாளை வந்தது, மிச்சமாகிப்போன கன்று ஒன்றை வேலியோரம் நான் சும்மா நட்டு வைத்தேனே, அதில்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் தோப்புக்கு வந்துவிடுங்கள். முதல் குலை கோயிலுக்கு. அக்கா, மச்சான், உங்களுக்கு இளநீர் தனியாய் விட்டுவைத்திருக்கிறேன். பாய், நோட்டு இந்நேரம் காய்ந்திருக்கும், எடுத்துக்கொண்டு வாருங்கள்.